வேலிக்குள் ஒரு தீவு

தென்னிந்தியக் காடுகளில் குளம்பூன்றி நடக்கும் பிராணிகளுள் மிகச் சிறியது சருகுமான். நன்கு வளர்ந்த ஒன்றின் எடை மூன்று கிலோவை ஒட்டியே இருக்கும். நிமிர்ந்து நிற்கும்போது அதன் தோள் தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றே மேலே எட்டும். மான் என்று பெயர் பெற்றிருந்தும் அதற்குக் கொம்பு கிடையாது. ஆணுக்கு மட்டும் மேல்தாடைக் கோரைப்பற்கள் இரண்டும் நீண்டு, உதட்டின் இருமருங்கிலும் வெளியே தெரியும். அசைபோடும் பிராணிதான், ஆயினும் ஆடுமாடுகளுக்கும் மான்களுக்கும் நான்கு அறைகளாக நிறைவுற்றிருக்கும் இரைப்பையில் ஓர் அறை இதற்கு வளர்ச்சி குன்றியே காணப்படுகிறது. மானும் மாடும் ஆடும் தத்தம் வழியே பிரிவதற்கு முன்பே மூல வம்சத்திலிருந்து கிளைத்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அதிக மாறுதலின்றி வாழ்ந்துவரும் ஒரு புராதனக் குடும்பத்தின் வாரிசு இது என்று விலங்கியலார் இத்தகைய குறிகளைக் கொண்டு முடிவு செய்திருக்கின்றனர். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்பவை யாவும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டுவந்தது. 2005-ஆம் ஆண்டில்தான், இந்தியாவில் வாழ்வது தனி இனம் என்றும், இலங்கையின் வறண்ட வலயத்திலும் ஈர வலயத்திலும் வாழ்பவை வேறு இரண்டு இனங்கள் என்றும் ஆராய்ச்சியாளர் பிரித்துக் காட்டினர்.

இத்தனை சிறிய உடம்பும், பென்சில் பருமனே உள்ள கால்களும் கொண்ட ஒரு ஜீவன், சிறுத்தையும் செந்நாயும் மலைப்பாம்பும் உலவும் வனத்தில் எவ்வாறு யுகயுகமாக உயிர் தரித்திருந்தது என்று கேட்டால், அதற்குரிய விடையின் பெரும்பகுதி அதன் அசைவின்மையில் அடங்கியிருக்கிறது. அந்தி சாய்ந்தபின் இரை தேடப் புறப்படும் சருகுமான், காலடி ஓசை காதில் விழுந்த அந்த க்ஷணமே, எடுத்து வைக்கத் தூக்கிய முன்னங்காலைத் தூக்கியபடியே நிறுத்திக்கொண்டு, காதைக்கூட அசைக்காமல் நின்றுவிடுகிறது. உடலின் பழுப்பு சருகின் நிறத்தோடும், விலாவில் வரிசை வரிசையாக ஓடும் வெண்புள்ளிகள் இலையிடுக்கின் வழியே விழும் ஒளித்துணுக்குகளோடும் ஒன்றிவிடுவதால், பத்தடி தூரத்தில் நிற்பவன் கண்ணுக்கும் அது புலப்படுவதில்லை. எதிரி மிதித்துவிடும் அளவுக்கு நெருங்கிய பிறகே குபீரென்று பாய்ந்து, மரப்பொந்திலோ பாறையிடுக்கிலோ புகுந்து மறைகிறது.

ஆனால் ஒரு தற்காப்பு எந்த எதிரியை முன்னிட்டு உருவாயிற்றோ அந்த எதிரியிடத்தில்தான் அது செல்லும். இரவில் கையில் மின்விளக்கோடு காட்டுக்குள் புகும் வேட்டைக்காரன் ஒளியைப் பாய்ச்சும்போதும், சருகுமான் தன் பரம்பரைச் சுபாவத்தின்படி கண்கள் பளபளக்க அசையாமல் நிற்கிறது. அவனுக்கு அதைவிட எளிய குறி வேறொன்று இல்லை. அது நாள்தோறும் நடந்து பழகிய ஒற்றையடித் தடத்தில் கட்டப்பட்ட சுருக்குக் கண்ணியோ கண்ணால் தேடி வருவதுமில்லை, களைத்துப் போவதுமில்லை. கிராமங்களிலிருந்து காட்டோரம் வரை கூட்டமாகத் திரியும் நாய்களுக்கு மோப்பம் இருக்கிறது. இவற்றோடு, கோடைதோறும் சருகைப் பற்றிக்கொண்டு தரையோடு தரையாகப் பரவும் காட்டுத் தீயையும் சேர்த்துக்கொண்டால், இப்பிராணி ஒரு காட்டில் கூச்சலின்றிக் குறைந்து, பிறகு அடியோடு இல்லாமல் போவதற்கான காரணங்கள் விளங்கும். இனம் முழுவதையும் கணக்கிட்டால் சருகுமான் அழிவின் விளிம்பில் நிற்கவில்லை என்பது உண்மையே; ஆயினும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்து, புலிக்கும் யானைக்கும் அளிக்கும் காவலை இதற்கும் அளித்திருப்பது காரணமில்லாமல் அல்ல. ஓர் இனம் உலகத்தை விட்டு ஒரே நாளில் நீங்குவதில்லை; ஒவ்வொரு காட்டை விட்டும் தனித்தனியே நீங்கித்தான் கடைசியில் உலகத்தை விட்டு நீங்குகிறது.

தென்கடலில் கற்ற பாடம்

அசையாதிருப்பதையே தற்காப்பாக நம்பி, அதனாலேயே ஏறக்குறைய நிர்மூலமாகிவிட்ட வேறொரு ஜீவனின் சரித்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தின் காகாபோ என்னும் கிளி உலகத்துக் கிளிகளுள் மிகவும் கனமானது, ஆண் பறவை நான்கு கிலோ வரை நிறுக்கும், பறக்கும் சக்தி அதற்கு இல்லை, இரவில்தான் நடமாடும். மனிதன் சென்று சேரும்வரை அந்நாட்டில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி ஒன்றேனும் இருந்ததில்லை. வானிலிருந்து கண்ணால் தேடிப் பாயும் பறவைகளே அங்கே கொன்றுண்ணிகள். ஆகவே பாசி நிற இறகுகளோடு அசையாமல் தரையில் ஒடுங்கிவிட்டாலே காகாபோவுக்குப் போதுமாக இருந்தது. சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு மவோரி மக்களோடு நாயும் எலியும் வந்தன. பிறகு ஐரோப்பியரோடு பூனையும் வேறு எலிகளும் வந்தன. 1880-களில், பெருகிவிட்ட முயல்களை ஒழிப்பதற்கென்றே, கீரியைப் போல் மெலிந்து நீண்ட உடலுடைய ஸ்டோட் என்னும் மாமிசபட்சிணியைக் கொண்டுவந்து விட்டனர். காகாபோவின் உடலிலிருந்து வீசும் இனிய வாசனையே அந்த மோப்பக்காரர்களுக்கு வழிகாட்டிற்று.

இக்கேட்டை வெகு சீக்கிரமே உணர்ந்தவர் ரிச்சர்ட் ஹென்றி என்பவர். தென்மேற்குக் கரையை அடுத்த ரெசலூஷன் தீவு 1891-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 1894-இல் அதன் காவலராக நியமனம் பெற்ற அவர், பெருநிலத்திலிருந்து காகாபோவையும் கீவியையும் நூற்றுக்கணக்கில் பிடித்துப் படகிலேற்றி அத்தீவில் கொண்டுபோய் விட்டார். பறக்க இயலாத பறவைகளைப் பகையற்ற தீவுக்கு மாற்றிக் காக்கலாம் என்ற எண்ணத்தைக் காரியமாக்கியவர்களுள் அவர் முன்னோடி. ஆனால் 1900-ஆம் ஆண்டு அத்தீவின் கரையில் ஒரு ஸ்டோட் காணப்பட்டது. குறுகலான கடற்காலை அது நீந்திக் கடந்துவிட்டது. அவருடைய உழைப்பெல்லாம் வியர்த்தமாயிற்று.

காகாபோ அற்றுப்போயிற்று என்றே பலரும் அஞ்சிக்கொண்டிருந்த நிலையில், 1977-இல் ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கும் பூனைகள் அவற்றைக் கொன்றுகொண்டிருந்தன. 1980-களிலிருந்து, எஞ்சியவற்றைப் பிடித்துக் காட்ஃபிஷ் தீவு முதலிய சில தீவுகளுக்கு மாற்றினர். இம்முறை தீவைக் கண்டவுடன் பறவையை விட்டுவிடவில்லை. மரமேறிப் பாலூட்டிகளையும் எலிகளையும் ஒன்றுவிடாமல் ஒழித்துத் தீவைப் பரிசுத்தம் செய்யும் பணி சேர்ந்தே நடந்தது. 1995-இல் 51 ஆகக் குறைந்திருந்த பறவைகள், 2022-இல் 250-ஐத் தாண்டின. பகையற்ற தீவு இயற்கையில் தானே கிடைப்பதில்லை, மனிதப் பிரயத்தனத்தால் ஆக்கப்படுவது என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் பாடம். அவ்வாறாயின் நாற்புறமும் கடல்தான் சூழ்ந்திருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. 2023-இல் சில ஆண் காகாபோக்கள் பெருநிலத்திலேயே, 47 கிலோமீட்டர் நீளமுள்ள வேலி சூழ்ந்த மௌங்காட்டடாரி என்னும் மலைக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. வேலியே அங்குக் கடலாயிற்று.

மீர் ஆலம் ஏரிக்கரையில்

கடலைக் காணாத ஹைதராபாத்திலும் இப்படி ஒரு தீவை ஆக்கும் முயற்சி தொடங்கிற்று. மீர் ஆலம் ஏரிக்கரையில் ஏறத்தாழ 380 ஏக்கர் பரப்பில், 1963-இல் திறக்கப்பட்ட நேரு மிருகக்காட்சிசாலை அமைந்திருக்கிறது. அதே நகரத்தில் 1977 முதல் இயங்கிவரும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் இயக்குநராக இருந்த லால்ஜி சிங், மனிதனின் மரபுப்பொருளை ஆராய வளர்த்துக்கொண்ட நுணுக்கங்களை அருகிவரும் விலங்குகளின் ரக்ஷணைக்கும் பயன்படுத்த வேண்டும் என்று சங்கல்பித்ததன் பயனாக, லாகோன்ஸ் என்று சுருக்கமாக வழங்கப்படும் ஆய்வகம் மிருகக்காட்சிசாலைக்கு அண்மையில், அத்தாப்பூரில் எழுந்தது. 2007-இல் அதைத் திறந்துவைத்தவர் அன்று குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம். செயற்கை முறைக் கருத்தரிப்பினால் 2006-இல் ஒரு புள்ளிமான் கன்றையும், அடுத்த ஆண்டு ஒரு வெளிமான் கன்றையும் பிறப்பித்து இவ்வாய்வகம் புகழ் பெற்றது.

2010-ஆம் ஆண்டில், மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையத்தின் ஆதரவோடு, ஆய்வகமும் மிருகக்காட்சிசாலையும் வனத்துறையும் கூடிச் சருகுமானை அடைப்பில் வைத்துப் பெருக்கும் திட்டத்தை மேற்கொண்டன. பார்வையாளரின் கூச்சலும் நெருக்கமும் படாத இடத்தில் தனியடைப்புகள் கட்டப்பட்டன. இதற்குச் செயற்கைக் கருத்தரிப்பின் சாகசங்கள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, இரவில் மட்டுமே உயிர்பெற்று உலவும் இந்தச் சின்னஞ்சிறு பிராணி எப்பொழுது கூடுகிறது, எத்தனை நாள் சுமக்கிறது, எந்தச் சூழலில் ஈனுகிறது என்னும் ஞானம்தான்.

புழுக்கை சொல்லும் செய்தி

அந்த ஞானத்தைப் பெறுவதற்கு நேர்வழி, அவ்வப்போது இரத்தம் எடுத்து அதிலுள்ள ஹார்மோன்களை அளப்பது. ஆனால் சருகுமானைப் பிடித்து அமுக்கி ஊசி குத்துவது அதைக் கொல்வதற்குச் சமானமாகிவிடலாம். மான் முதலிய பிராணிகள் பிடிபடும்போது அடையும் அதிபயத்தினால் தசைகள் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துபோவது உண்டு. இச்சங்கடத்தைத் தவிர்க்க விஞ்ஞானிகள் கைக்கொண்ட வழி மிகவும் எளிமையானது. ஆயினும் நிறைந்த பொறுமையை வேண்டுவது. அண்டகத்திலும் நஞ்சுக்கொடியிலும் சுரக்கும் ஹார்மோன்கள் உடலெங்கும் சுற்றித் தம் வேலையை முடித்தபின் ஈரலில் சிதைந்து, குடலின் வழியே வெளியேறுகின்றன. அச்சிதைவுப் பொருள்கள் புழுக்கையில் எஞ்சி நிற்கின்றன.

ஆகவே, இன்ன பெண் மானுடையது என்று ஐயமின்றித் தெரிந்த புழுக்கைகளை, வெயில் ஏறுவதற்கு முன்பே அடைப்பின் தரையிலிருந்து பொறுக்கியெடுத்து, பைகளில் இட்டு, தேதி குறித்து, உறையவைத்துப் பாதுகாக்க வேண்டும். பிறகு அவற்றை உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் கலந்து வடித்த சாற்றைச் சிறு குழிகள் நிறைந்த தட்டில் இட்டு, ஹார்மோனோடு மட்டுமே பிணையும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், ஒவ்வொரு குழியிலும் உண்டாகும் நிறத்தின் அடர்த்தி அன்றைய அளவைச் சொல்லிவிடும். ஒரு நாளைய அளவுக்குத் தனியே பொருளில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இடைவிடாது திரட்டிய அளவுகளை வரிசையாகக் கோடிழுத்துப் பார்க்கும்போதுதான் ருதுசக்கரத்தின் ஏற்ற இறக்கமும், கருவுற்றதும் அக்கோடு எழும்பி இறங்காமல் நிற்பதும், ஈனுவதற்கு முன் அது சரிவதும் கண்ணுக்குத் தெரிகின்றன.

சருகுமானின் கர்ப்பகாலம் ஏறத்தாழ ஐந்து மாதம்; ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு குட்டி. ஆச்சரியத்துக்குரிய விஷயம் வேறொன்று உண்டு. ஈன்ற சில மணி நேரத்துக்குள்ளேயே தாய் மறுபடியும் ஆணுடன் கூடிக் கருத்தரிக்க வல்லது. அதாவது, ஒரு குட்டிக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்ததை வயிற்றில் வளர்த்து, ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் அது கர்ப்பிணியாகவே இருக்க முடியும். பலருக்கும் இரையாகும் ஒரு சிறு பிராணி, தன் வம்சம் அற்றுப்போகாமல் இருப்பதற்கு இயற்கையிடம் பெற்றிருக்கும் ஈடு இது. இதை அறியாதவர் குட்டிக்கு ஆபத்து வருமே என்ற நல்லெண்ணத்தால் ஆணை அச்சமயத்தில் அப்புறப்படுத்திவிட்டால், ஒரு கருத்தரிப்பு வீணாகும். அறிந்தவரோ குட்டி ஒளிந்துகொள்ள மறைவிடம் அமைத்து, பெற்றோரைப் பிரிக்காமல் விட்டுவைக்க முடியும். சில பிராணிகளோடு தொடங்கிய கூட்டம் ஏழு ஆண்டுகளில் இருநூறைத் தாண்டிப் பெருகியதன் இரகசியம் இத்தகைய சிறு சிறு அறிவுகளின் சேர்க்கையே.

அறிவில்லாத உபகாரம் எவ்வாறு அபகாரமாக முடியும் என்பதற்கு மீண்டும் காகாபோவே சாட்சி. பெண் பறவைகள் நன்றாக முட்டையிட வேண்டும் என்று அவற்றுக்கு மிகுதியாக உணவளித்தபோது, கொழுத்த தாய்மார் ஆண் குஞ்சுகளையே அதிகம் பெறலாயின. பெண்கள் அருகியிருந்த இனத்தில் இது பெருங்கேடு. காரணத்தைக் கண்டறிந்து, தாயின் எடையைப் பார்த்து உணவை அளந்து வைக்கத் தொடங்கிய பிறகே ஆண், பெண் குஞ்சுகளின் விகிதம் சீர்பட்டது.

சிறிய கூட்டத்தின் கணக்கு

எண்ணிக்கை பெருகிவிட்டதனால் மட்டும் கவலை தீர்ந்துவிடுவதில்லை. ஒரு சில மூதாதையரிடமிருந்து தோன்றிய கூட்டத்தில் மரபணு வேற்றுமை அவர்கள் கொண்டுவந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது; அதிலும் ஒரு பகுதி ஒவ்வொரு தலைமுறையிலும் கழிந்துகொண்டே போகும். இக்கழிவுக்குக் கணிதம் ஓர் அளவு கூறுகிறது. தலைமுறைதோறும் ஆறு பிராணிகளே ஈனுகின்றன என்று வைத்துக்கொண்டால், அவ்வேற்றுமையில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் நஷ்டமாகும். ஐம்பது ஈனுமாயின் நூற்றில் ஒரு பங்கே நஷ்டமாகும். ஆகவே கூட்டம் சிறியதாக இருக்கும் காலத்தை எவ்வளவு விரைவில் கடக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதற்குப் பின்னும் எந்த ஆணின் சந்ததி மிகுந்துவிட்டது, எந்தப் பெண்ணின் வம்சம் அருகிவருகிறது என்பதை வம்சாவளி ஏட்டில் பதிந்து, அதற்கேற்பவே ஜோடி சேர்க்க வேண்டும்.

ரிச்சர்ட் ஹென்றியின் பெயரையே சூட்டப்பெற்ற ஒரு கிழட்டுக் காகாபோவைப் பற்றி நியூசிலாந்துக்காரர் இன்றும் நன்றியோடு பேசுவதன் காரணம் இதுதான். 1975-இல் பெருநிலத்தின் மலைப்பள்ளத்தாக்கில் பிடிபட்ட அப்பறவை, அப்பிரதேசத்தின் வம்சத்தில் எஞ்சிய கடைசிப் பிரதிநிதியாக நின்றது. 2010-இல் அது இறக்கும் முன் விட்டுச் சென்ற மூன்று வாரிசுகளின் மூலமே, ஸ்டூவர்ட் தீவுப் பறவைகளிடம் இல்லாத மரபுச் செல்வம் இனத்துக்குள் சேர்ந்தது. கூட்டத்தின் பலம் தலைகளின் தொகையில் மட்டும் இல்லை. அத்தலைகள் எத்தனை வேறு வேறு முன்னோரின் வழி வந்தவை என்பதிலும் இருக்கிறது.

நல்லமலையில் எழுந்த வேலி

ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் நோக்கித் தெற்கே செல்லும் சாலை, சமவெளியைக் கடந்து நல்லமலைத் தொடரின் மேட்டுக் காட்டில் ஏறுகிறது. கிருஷ்ணை நதியின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு வரை பரந்திருக்கும் அக்காடு இன்று அம்ராபாத் புலிகள் காப்பகம். தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்துவரும் செஞ்சு மக்களில் பலர் இன்று வனக்காவல் பணியிலும் இருக்கின்றனர். இலையுதிர் காடாகையால் மாசியிலிருந்து தரையெங்கும் சருகு மூடிக் கிடக்கும். நெல்லியும் தான்றியும் குமிழும் இலுப்பையும் தத்தம் பருவத்தில் கனியும் பூவும் உதிர்க்கும். மரமேறவோ கிளையை வளைக்கவோ இயலாத சருகுமானுக்கு உதிர்ந்த கனியே பிரதான ஆகாரம். அசைபோடும்போது கெட்டியான விதைகளை அது வேறிடத்தில் உமிழ்ந்துவிடுவதால், காட்டு மரங்களுக்கு அது கைம்மாறும் செய்கிறது.

2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த எட்டுச் சருகுமான்கள் இக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. ஆனால் திறந்த காட்டில் அவிழ்த்துவிடப்படவில்லை. கொன்றுண்ணிகள் நுழையாதபடி வேலியிட்டுக் காவல் செய்யப்பட்ட, ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர் காட்டுத் துண்டில் விடப்பட்டன. நான் இந்த அத்தியாயத்துக்குத் தலைப்பிட்ட தீவு இதுவே.

இத்தீவுக்கும் காகாபோவின் தீவுக்கும் அடிப்படையில் ஒரு பேதம் உண்டு. அதை உணராவிடில் இம்முயற்சி முழுவதையும் தவறாகப் புரிந்துகொள்வோம். காகாபோவின் பகைவர்கள் அதன் வம்ச சரித்திரத்தில் ஒருநாளும் இடம்பெறாத அந்நியர்கள். அவர்களை அகற்றியது அப்பறவைக்குச் சலுகை காட்டியது ஆகாது. பறிக்கப்பட்ட பழைய உலகைத் திருப்பிக் கொடுத்ததாகும். சருகுமானின் பகைவரான சிறுத்தையும் செந்நாயும் மலைப்பாம்புமோ, அதனோடு கூடவே வளர்ந்த புராதன அண்டை வீட்டார். அவர்களுடைய பற்களுக்கு அஞ்சியே அதன் புள்ளிகளும் அசைவின்மையும் உருவாயின. அவர்களற்ற இடம் சருகுமானின் இயல்பான இருப்பிடம் அன்று. பின் ஏன் வேலி? மிருகக்காட்சிசாலையில் பிறந்த பிராணி, வேளைக்கு வைத்த உணவை உண்டு பழகியது. எந்த மரத்தடியில் எப்பொழுது கனி உதிரும் என்றோ, எந்தப் பாறையிடுக்கு உடம்பு நுழையும் அளவுக்கு ஆழமானது என்றோ அதற்குத் தெரியாது. பசியும் திகைப்பும் பகையும் ஒரே இரவில் சேர்ந்து வந்தால் அது பிழைக்க வழியில்லை. வேலி அவற்றுள் ஒன்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. கிணற்றில் நீந்தப் பழகும் சிறுவனின் முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவது, அவன் ஆயுள் முழுவதும் அதைச் சுமந்து திரிவதற்காக அல்ல.

குடுக்கையை உரிய காலத்தில் அவிழ்க்காமற்போனால் நேரும் விபரீதத்தையும் விஞ்ஞானம் கண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில், தின்றவரைக் கொல்லும் விஷத்தேரைகளின் படையெடுப்பிலிருந்து காப்பாற்றும் பொருட்டு, குவோல் என்னும் சிறு பைம்மாப் பிராணிகளை 2003-இல் தேரைகளற்ற தீவுகளுக்கு மாற்றினர். அத்தீவுகளில் பூனையும் இல்லை, டிங்கோ நாயும் இல்லை. குவோல்கள் ஏராளமாகப் பெருகின. பதின்மூன்று தலைமுறைகளுக்குப் பின், 2016-இல் அவற்றின் வாரிசுகளைப் பெருநிலத்துக்குத் திருப்பிக் கொணர்ந்தபோது, பூனையின் வாசனையையும் டிங்கோவின் வாசனையையும் கண்டு ஒதுங்க வேண்டும் என்னும் பழைய அறிவு அவற்றிடம் மறைந்துபோயிருந்தது. விடப்பட்டவை டிங்கோக்களுக்கு விரைவில் பலியாயின. எத்தனையோ ஆயிரம் தலைமுறைகள் தேடி வைத்த ஓர் எச்சரிக்கை, பதின்மூன்றே தலைமுறைச் சுகவாழ்வில் கரைந்துவிட்டது. அடைப்புக்குள் நெடுங்காலம் வம்சம் வளர்ப்போர் அனைவரும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பரிசோதனை இது.

வெற்றியை எதனால் அளப்பது?

அடைப்பில் பெருக்கி வனத்தில் விடும் முறை நம் நாட்டில் பலன் தரக்கூடியதே என்பதற்கு அசாமின் குள்ளப்பன்றி நல்ல நிரூபணம். புல்வெளியில் ஒளிந்து வாழும், உலகத்திலேயே மிகச் சிறிய அக்காட்டுப்பன்றியினத்தில் ஆறு பிராணிகள் 1996-இல் மானஸ் வனத்திலிருந்து பிடிக்கப்பட்டுக் குவாஹாட்டியை அடுத்த பசிஷ்டாவில் வளர்க்கப்பட்டன. அவற்றின் சந்ததிகள், போட்டாசாலி என்னுமிடத்தில் மனித நடமாட்டம் குறைந்த புல்வெளியடைப்பில் பழக்கப்பட்டபின், 2008-இல் சோனாய் ரூபாயிலும், 2011-இலிருந்து ஒராங்கிலும், 2016-இல் பர்னாடியிலும், 2020-இல் மூதாதையரின் மானஸிலுமே விடப்பட்டன. ஒராங்கில் அவை தாமாகவே ஈன்று பரவியிருக்கின்றன. அடைப்பில் பிறந்த நூற்றைவிட, வேலிக்கு வெளியே, எவரும் உணவு வையாமல், எவரும் காவல் நில்லாமல் பிறந்த ஒன்றே இத்தகைய திட்டத்தின் மெய்யான வெற்றி என்று நான் கருதுவதற்கு ஒராங்கே ஆதாரம். அங்கே பன்றி மட்டும் பிழைக்கவில்லை. அதற்கு இருப்பிடமாகிய புல்வெளியை எரிக்காமல் பேணுவதற்கும் அத்திட்டத்தார் பாடுபட்டனர்.

நல்லமலைக்கும் இதே நியாயம் பொருந்தும். வேலிக்குள் சருகுமானைப் பெருக்கும் வித்தை ஹைதராபாத்துக்குக் கைவந்துவிட்டது. அது சாமானியமான சாதனை அன்று. ஆனால் வேலிக்கு அப்பால் தடத்துக்குத் தடம் கண்ணி கட்டியிருக்குமாயின், விடப்படும் ஒவ்வொரு பிராணியும் கண்ணி வைப்பவனுக்கு அரசாங்கச் செலவில் அனுப்பப்பட்ட இரையாகிவிடும். சருகுமான் குலத்தைச் சேர்ந்த வெள்ளிமுதுகு இனம் ஒன்று வியட்நாமில் கால் நூற்றாண்டுக்கு மேல் அறிவியலார் கண்ணில் படாமல் மறைந்திருந்து, 2019-இல்தான் தானியங்கிக் கேமராக்களின் மூலம் மீண்டும் அறியப்பட்டது. அதை அந்நிலைக்குத் தள்ளியவை புலியின் நகமோ சிறுத்தையின் பல்லோ அல்ல, இலட்சக்கணக்கில் காடெங்கும் விரிக்கப்பட்ட கம்பிச் சுருக்குகளே. புலிக்கும் சிறுத்தைக்கும் ஈடுகொடுத்துப் பெருகும் ஆற்றலை இயற்கை சருகுமானுக்கு அளித்திருக்கிறது. சுருக்குக்கும் மின்விளக்குக்கும் ஈடுகொடுக்கும் ஆற்றலை அளிக்கவில்லை. முன்னவர்களோடு வாழ்வதை அது தானே மீண்டும் கற்றுக்கொள்ளும். பின்னவற்றை அகற்றுவது நம்முடைய வேலை. அதை நமக்காக எந்த ஆய்வகமும் செய்து தர இயலாது.

ஆகையால் விஞ்ஞானியின் கடமை எவ்விடத்தில் முடிகிறதோ அவ்விடத்தில் ஏனையோரின் கடமை தொடங்குகிறது. காட்டுக்குள் நாள்தோறும் நடந்து கண்ணியைத் தேடி அறுப்பதும், கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளைச் சீர் செய்வதும், காட்டோர கிராமங்களில் நாய்களைக் கட்டுக்குள் வைப்பதும் பத்திரிகைகளில் படமாக வரும் காரியங்கள் அல்ல. ஆயினும் இருநூறு குட்டிகளின் பிறப்புக்கு அர்த்தம் தருபவை இவைதாம். அவ்வேலைக்கு அக்காட்டின் ஒவ்வொரு தடத்தையும் பெயர் சொல்லி அறிந்த செஞ்சுக் காவலரைக் காட்டிலும் தகுதியுடையவர் இல்லை. அவர்களுக்கு உரிய ஊதியமும் நிரந்தரமான உத்தியோகமும் கௌரவமும் அளிப்பது, ஆய்வகத்துக்குக் கருவி வாங்குவதற்கு ஒப்பான அறிவியல் செலவே ஆகும். மிருகக்காட்சிசாலைக்குச் செல்லும் நாமும், இங்கே இவ்வாண்டு எத்தனை குட்டிகள் பிறந்தன என்று கேட்பதோடு நில்லாமல், காட்டில் எத்தனை பிறந்தன என்று விடாமல் கேட்டுவர வேண்டும். அக்கேள்விக்குச் சொல்லத்தக்க விடை ஆண்டுதோறும் கிடைக்குமாயின், நல்லமலையில் போட்ட வேலியைப் பிடுங்கி, அதே கம்பியைக் கொண்டு அடுத்த காட்டில் அடுத்த தீவைத் தொடங்கலாம்.